ஒரு தளம் திறக்கவில்லை என்றால்: இணையத் தணிக்கை எங்கே, எப்படி நடக்கிறது?

2025 பிப்ரவரி 15 அன்று மாலை விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. தளத்தில் கோளாறா, மத்திய அரசு தடுத்துவிட்டதா என்பது வாசகர்களுக்கு மட்டுமல்ல, அந்தப் பத்திரிகைக்கே அந்த நேரத்தில் உறுதியாகத் தெரியவில்லை. அரசிடமிருந்து முறையான அறிவிப்பு எதுவும் வரவில்லை என்றுதான் அது வாசகர்களிடம் சொல்ல முடிந்தது. அமெரிக்கா இந்தியர்களைக் கைவிலங்கிட்டுத் திருப்பி அனுப்பிய நாட்கள் அவை. அதிபர் டிரம்ப்பின் அருகில் பிரதமர் மோடி விலங்குடன் அமர்ந்திருப்பதாக ‘விகடன் பிளஸ்’ மின்னிதழ் ஒரு கேலிச்சித்திரம் வெளியிட்டிருந்தது. அதை எதிர்த்து பா.ஜ.க.வின் அன்றைய மாநிலத் தலைவர் கே. அண்ணாமலை புகார் அளித்திருந்தார். தடுத்தது அரசுதான் என்பது பின்னர் தெளிவானது. தளம் மூடப்பட்ட பிறகு நோட்டீஸ் வந்தது. அதற்கும் பிறகு அரசு அதிகாரிகளின் குழு கூடி விசாரித்தது. மார்ச் 6 அன்று, அந்தப் படத்தைத் தற்காலிகமாக நீக்கும்படி பத்திரிகைக்கும், நீக்கியதும் தளத்தைத் திறந்துவிடும்படி அரசுக்கும் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது.

இந்த நிகழ்வைப் பற்றிப் பேசியவர்களில் பலர், ஒரு தளம் தடுக்கப்படுவதையும், சமூக ஊடகத்தில் ஒரு பதிவு மறைக்கப்படுவதையும், ஒரு மாவட்டத்துக்கே இணையம் நிறுத்தப்படுவதையும் ஒரே செயலாக எண்ணிப் பேசினார்கள். இவை மூன்றும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு சட்டங்களின் கீழ், வெவ்வேறு கைகளால் செய்யப்படுகின்றன. எது எங்கே நடந்தது என்று தெரியாமல் யாரிடம் நியாயம் கேட்பது என்பதும் தெரியாது. இந்தியாவில் இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்பதையும், அரசியல் பேச்சை அது எப்படிப் பாதிக்கிறது என்பதையும் தொடக்க நிலையிலிருந்து இங்கே விளக்குகிறேன்.

முகவரி விசாரித்துப் போகும் பயணம்

ஊருக்குப் புதியவர் ஒருவர் ஒரு வீட்டைத் தேடிப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரரின் பெயர் மட்டும் அவருக்குத் தெரியும். தெருமுனைப் பெட்டிக்கடையில் பெயரைச் சொல்லிக் கதவு எண்ணைக் கேட்டுக்கொள்கிறார். பிறகு ஆட்டோவில் ஏறுகிறார். எந்தக் கட்டடத்துக்குப் போகிறார் என்பது ஓட்டுநருக்குத் தெரியும். உள்ளே யாரிடம் என்ன பேசப்போகிறார் என்பது தெரியாது. அந்தக் கட்டடத்தில் பல குடும்பங்கள் வாடகைக்கு இருக்கலாம்; யாரை உள்ளே விடுவது என்பது கட்டடக்காரரின் கையில் இருக்கிறது.

அவர் போய்ச் சேராமல் செய்ய வேண்டுமானால் பெட்டிக்கடைக்காரர் தவறான எண்ணைச் சொல்லலாம். ஆட்டோக்காரர் அந்தக் கட்டடத்துக்கு மட்டும் வரமாட்டேன் எனலாம். கட்டடக்காரர் அந்தக் குடித்தனத்தின் கதவைப் பூட்டலாம். ஊர் முழுவதும் ஊரடங்கு போட்டு எந்த வண்டியும் ஓடாமல் செய்யலாம். இணையத் தணிக்கையின் முக்கிய வடிவங்கள் எல்லாம் இந்த நான்கில் அடங்கிவிடும்.

பெயரிலிருந்து எண்ணுக்கு: முதல் தடை

இணையத்தோடு இணைக்கப்பட்ட ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு. அதற்கு ஐபி முகவரி என்று பெயர். மனிதர்களால் எண்களை நினைவில் வைத்திருக்க முடியாது என்பதால் நாம் தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்கிறோம். அந்தப் பெயருக்குரிய எண்ணைத் தேடித் தரும் ஏற்பாடு டிஎன்எஸ். உங்களுக்கு இணைப்பு தரும் ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் போன்றவை இணையச் சேவை நிறுவனங்கள். பெரும்பாலான வீடுகளிலும் கைப்பேசிகளிலும் டிஎன்எஸ் கேள்வி முதலில் போவது இந்த நிறுவனத்தின் கணினிக்கே.

ஆகவே ஒரு தளத்தைத் தடுக்க மிக எளிய வழி, அந்தக் கணினியைப் பொய் சொல்ல வைப்பதுதான். அது வேறோர் எண்ணைத் தரும், அல்லது அப்படியொரு தளமே இல்லை என்று பதில் சொல்லும். தளம் எந்தக் குறையும் இல்லாமல் தன் இடத்தில் இயங்கிக்கொண்டிருக்கும். உங்களுக்கு மட்டும் அது இல்லாததுபோல் தோன்றும். டிஎன்எஸ் கேள்வியை வேறொரு நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பும்படி கைப்பேசியில் மாற்றிக்கொண்டவர்களுக்குத் தடுக்கப்பட்ட தளங்கள் சில நேரம் திறந்துவிடுவதற்குக் காரணம் இதுதான்.

உறைக்கு வெளியே தெரியும் பெயர்

எண் சரியாகக் கிடைத்த பிறகும் தடுக்க முடியும். தளத்துக்கும் உங்களுக்கும் இடையே போகும் தகவல்கள் இன்று பெரும்பாலும் எச்டிடிபிஎஸ் என்ற முறையில் பூட்டப்பட்டே செல்கின்றன. சேவை நிறுவனத்தால் நீங்கள் எந்தக் கட்டுரையைப் படிக்கிறீர்கள், என்ன எழுதுகிறீர்கள் என்று பார்க்க முடியாது. ஆனால் பூட்டு போடுவதற்கு முந்தைய கணத்தில், எந்தத் தளத்தோடு பேச விரும்புகிறோம் என்று உலாவி பெரும்பாலும் வெளிப்படையாக ஒருமுறை சொல்லியாக வேண்டியிருக்கிறது. இந்தப் பெயர் அறிவிப்புக்கு எஸ்என்ஐ என்று பெயர். சேவை நிறுவனம் அதைப் படித்து, தடைப்பட்டியலில் உள்ள பெயர் என்றால் இணைப்பைத் துண்டித்துவிடலாம். டிஎன்எஸ் மாற்றினாலும் திறக்காத தளங்கள் பெரும்பாலும் இப்படித் தடுக்கப்பட்டவையே. ஐபி எண்ணையே மறிக்கும் வழியும் உண்டு. ஆனால் ஒரே எண்ணில் தொடர்பில்லாத பல தளங்கள் குடியிருப்பது வழக்கம் என்பதால் அதில் சேதம் அதிகம்.

இங்கே பலர் சீனாவை உதாரணம் காட்டுவதுண்டு. சீனாவில் நாட்டுக்குள் வரும் இணைய வழித்தடங்களிலேயே அரசின் வடிகட்டிகள் இருக்கின்றன. நாடு முழுவதற்கும் ஏறத்தாழ ஒரே சுவர். இந்தியாவில் அப்படி ஒரு சுவர் இல்லை. அரசு உத்தரவு அனுப்புகிறது. ஒவ்வொரு சேவை நிறுவனமும் தனக்கு எளிதான முறையில் அதை நிறைவேற்றுகிறது. பெங்களூரின் இணையம் மற்றும் சமூக மையத்தின் ஆய்வாளர்கள் 2020 இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே தளம் ஒரு நிறுவனத்தில் தடுக்கப்பட்டும் இன்னொன்றில் திறந்தும் இருப்பதையும், நிறுவனங்கள் வெவ்வேறு உத்திகளைக் கையாள்வதையும் அளந்து காட்டியது. “எனக்குத் திறக்கிறதே, உங்களுக்கு ஏன் திறக்கவில்லை?” என்று இரு நண்பர்கள் வாதிட்டால், இருவர் சொல்வதும் உண்மையாக இருக்க முடியும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தளத்தடுப்பு தளத்தில் நடப்பதில்லை, உங்களுக்கும் தளத்துக்கும் நடுவிலுள்ள சேவை நிறுவனத்தில் நடக்கிறது. பெயருக்குரிய எண்ணை மாற்றிச் சொல்வது, பெயரைப் பார்த்ததும் இணைப்பை அறுப்பது, எண்ணையே மறிப்பது ஆகியவை அதன் வழிகள்.

ஒரு படத்துக்காக ஒரு தளம் முழுவதும் ஏன்?

மேலே சொன்ன தொழில்நுட்ப விவரம் அரசியல் பேச்சுக்கு மிக முக்கியமானது. பூட்டிய தகவலுக்குள் சேவை நிறுவனத்தால் பார்க்க முடியாது என்றால், ஒரு தளத்தின் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் அதனால் தடுக்க முடியாது. அதற்குத் தெரிவது தளத்தின் பெயர் மட்டுமே. எனவே அரசின் ஆட்சேபம் ஒரு படத்தின் மீது இருந்தாலும், உத்தரவு சேவை நிறுவனத்துக்குப் போகுமானால் மூடப்படுவது முழுத் தளம்.

2014 டிசம்பரில் ஐ.எஸ். அமைப்பு சார்ந்த பதிவுகளைக் காரணம் காட்டி 32 தளங்களைத் தடுக்க உத்தரவானபோது, உலகெங்கும் மென்பொருள் எழுதுவோர் பயன்படுத்தும் கிட்ஹப்பும், காணொளித் தளமான விமியோவும் அந்தப் பட்டியலில் இருந்தன. 2017 இல் திரைப்படத் திருட்டைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் நீண்ட பட்டியலில், கோடிக்கணக்கான பழைய நூல்களையும் இணையப் பக்கங்களையும் பாதுகாக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளமும் சிக்கியது. விகடனிலும் இதுவே நடந்தது. ஆட்சேபிக்கப்பட்டது ஒரு மின்னிதழின் ஒரு சித்திரம். எட்டாமல் போனது அந்தத் தளத்தில் இருந்த எல்லாச் செய்திகளும் கட்டுரைகளும்.

வேறு வழி இல்லையா என்றால், இருந்தது. படத்தை நீக்கும்படி வெளியீட்டாளரையே முதலில் கேட்டிருக்கலாம். அவர் மறுத்து நீதிமன்றம் போயிருந்தால், அந்தப் படம் சட்டத்துக்கு உட்பட்டதா என்ற உண்மையான கேள்வி அங்கே விவாதிக்கப்பட்டிருக்கும். தளத்தை முதலில் மூடிவிட்டதால் பேரம் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. தினமும் வாசகரையும் வருவாயையும் இழந்துகொண்டிருக்கும் பத்திரிகைக்குப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுத் தளத்தை மீட்பதே நடைமுறையில் வழி. ஒரு பிரதமரைக் கேலிச்சித்திரமாக வரைவது, தடுப்புக்குச் சட்டம் ஏற்கும் காரணங்களில் ஒன்றான நாட்டின் இறையாண்மைக்கு எப்படிக் கேடு என்ற கேள்வி அங்கே பின்னுக்குப் போய்விட்டது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

உத்தரவு எங்கிருந்து வருகிறது?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவுதான் அரசு செய்யும் தளத்தடுப்பின் சட்ட அடிப்படை. 2008 திருத்தத்தால் சேர்க்கப்பட்டு 2009 இல் நடைமுறைக்கு வந்தது. இறையாண்மை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, வெளிநாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, இவற்றோடு தொடர்புடைய குற்றங்களுக்குத் தூண்டுதல் ஆகிய காரணங்களுக்காக மட்டுமே இதைப் பயன்படுத்தலாம். அவதூறு இந்தப் பட்டியலில் இல்லை. ஒருவர் மனம் புண்பட்டது என்பதும் இல்லை. உத்தரவை மீறும் நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கு ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இத்தனை கடும் தண்டனை தொங்கும்போது, உத்தரவு சரியானதுதானா என்று எதிர்த்துக் கேட்கும் துணிவு ஒரு சேவை நிறுவனத்துக்கு எளிதில் வராது.

2009 இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, பல அமைச்சகங்களின் அதிகாரிகள் அடங்கிய குழு ஒன்று கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டும். எழுதியவரையோ தளத்தையோ கண்டறிந்து, பதில் சொல்ல 48 மணி நேரமாவது கொடுக்க வேண்டும். அவசரம் என்றால் முதலில் தடுத்துவிட்டு, 48 மணி நேரத்துக்குள் குழுவின் முன் வைக்கலாம். காகிதத்தில் இது நியாயமான நடைமுறைதான். 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 69-ஏ பிரிவைச் செல்லும் என்று ஏற்றதும், காரணங்கள் எழுத்தில் பதிவாக வேண்டும், பாதிக்கப்பட்டவர் அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் செல்ல முடியும் என்ற காப்புகளை நம்பித்தான்.

ஆனால் அதே விதிகளில் 16-ஆம் விதி என்று ஒன்று இருக்கிறது. தடுப்புக் கோரிக்கைகளும் அவற்றின் மீதான நடவடிக்கைகளும் கண்டிப்பாக இரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்கிறது அது. உத்தரவின் நகல் கிடைக்காத ஒருவர் எதை எதிர்த்து நீதிமன்றம் போவார்? உச்ச நீதிமன்றம் நம்பிய காப்பை இந்த ஒரு விதி உள்ளிருந்தே அரித்துவிட்டது. இந்தியத் தணிக்கையில் மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று என்று என்னிடம் கேட்டால் இந்த இரகசியத்தைத்தான் சொல்வேன். நியாயமான காரணத்துக்காகச் சில பக்கங்களைத் தடுக்கும் தேவை எந்த அரசுக்கும் வரும். அந்தக் காரணத்தை எழுதியவரிடம்கூடச் சொல்லாமல் இருக்கும் தேவை வெகு அரிது.

இந்த அதிகாரம் எத்தனை வேகமாகப் பெருகியது என்பதை நாடாளுமன்றத்தில் அரசு தந்த கணக்கே காட்டும்: 2014 இல் 69-ஏ பிரிவின் கீழ் தடுக்கப்பட்டவை 471, 2020 இல் 9,849. இவற்றில் எத்தனை மோசடித் தளங்கள், எத்தனை அரசியல் பதிவுகள் என்று வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க வழியில்லை. அதற்கும் காரணம் 16-ஆம் விதிதான்.

கட்டடக்காரரின் கதவு: சமூக ஊடகங்கள்

அரசியல் பேச்சில் பெரும்பகுதி இன்று தனித் தளங்களில் நடப்பதில்லை; ஃபேஸ்புக், யூடியூப், எக்ஸ், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றில் நடக்கிறது. பிறர் எழுதுவதைத் தாங்கி நிற்கும் இத்தகைய நிறுவனங்களைச் சட்டம் இடைநிலை நிறுவனங்கள் என்கிறது. ஒரு பதிவை மட்டும் தனியாக நீக்க இவற்றால் முடியும். இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு மட்டும் மறைத்து, பிற நாடுகளில் தெரியும்படி விடவும் முடியும். எக்ஸில் “இந்தியாவில் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது” என்ற அறிவிப்போடு ஒரு கணக்கு தெரிந்தால் நடந்தது இதுதான்.

விவசாயிகள் போராட்டத்தின்போது, 2021 பிப்ரவரி 1 அன்று, அரசின் உத்தரவின்படி அன்றைய டிவிட்டர் 250-க்கும் மேற்பட்ட கணக்குகளையும் பதிவுகளையும் இந்தியாவில் மறைத்தது. அவற்றில் தி கேரவன் இதழின் கணக்கும், போராட்டக்காரர்களின் கிசான் ஏக்தா மோர்ச்சா கணக்கும் இருந்தன. எதிர்ப்பு எழுந்ததும் அன்றே அவை திரும்பி வந்தன. பின்னர், குறிப்பிட்ட பதிவைச் சுட்டாமல் முழுக் கணக்குகளையே மூடச் சொல்வது, எழுதியவருக்குத் தகவல் தராதது ஆகியவற்றை எதிர்த்து அந்த நிறுவனம் கர்நாடக உயர் நீதிமன்றம் சென்றது. 2023 ஜூன் 30 அன்று வழக்கு தள்ளுபடியானது. 50 லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதிக்கப்பட்டது. உலகப் பெருநிறுவனம் ஒன்றுக்கே இந்த முடிவு என்றால், வழக்கே தொடராமல் உத்தரவை நிறைவேற்றிவிடும் சிறு நிறுவனங்களின் மனநிலையை ஊகிப்பது கடினமல்ல.

இவற்றோடு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. பயனர் எழுதியதற்காக நிறுவனத்தைத் தண்டிக்கக் கூடாது என்ற சட்டப் பாதுகாப்பை 79-ஆவது பிரிவு தருகிறது. சட்டவிரோதமான பதிவு பற்றி அரசு முறைப்படி தெரிவித்தும் நீக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். 2021 விதிகள் இதற்கு 36 மணி நேரக் கெடு வைத்தன. இந்த அறிவிப்புகளை அனுப்புவதற்காக 2024 அக்டோபரில் மத்திய உள்துறை ‘சஹயோக்’ என்ற இணையவாசலைத் தொடங்கியது. 69-ஏ பிரிவில் உள்ள குழுவும் விசாரணையும் இந்த வழியில் இல்லை. பின்வாசல் தணிக்கை என்று எக்ஸ் நிறுவனம் இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கை 2025 செப்டம்பர் 24 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

மேலே வந்தவற்றை இப்படி நினைவில் கொள்ளலாம்: தளத்தைத் தடுப்பது சேவை நிறுவனம், 69-ஏ பிரிவின் கீழ். பதிவை மறைப்பதோ நீக்குவதோ சமூக ஊடக நிறுவனம். அதற்கு 69-ஏ உத்தரவும் காரணமாக இருக்கலாம், 79-ஆவது பிரிவின் அறிவிப்பும் காரணமாக இருக்கலாம். நிறுவனம் தன் சொந்த விதிகளின்படி நீக்கியதாகவும் இருக்கலாம். அப்போது அரசுக்கு அதில் பங்கில்லை. நீக்கப்பட்ட எல்லாமே அரசுத் தணிக்கை என்று கூறிவிட்டால், உண்மையான அரசுத் தணிக்கையைச் சுட்டிக்காட்டும்போது நம்புவோர் குறைந்துவிடுவார்கள்.

ஊரடங்கு: இணைய முடக்கம்

எல்லாவற்றிலும் கடுமையானது முழு முடக்கம். இங்கே எந்தப் பேச்சும் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. ஒரு பகுதியில் இருக்கும் எல்லோருடைய பேச்சும் ஒருசேர நிற்கிறது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் மொத்தம் 13 பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. வதந்தி பரவாமல் தடுக்கவே இது என்றது மாநில அரசு. ஆனால் மருத்துவமனை வாசலில் நின்றவர்களும், துப்பாக்கிச் சூட்டைக் கண்ணால் பார்த்தவர்களும் தாம் கண்டதை உலகுக்குச் சொல்ல வேண்டிய நேரமும் அதுதான்.

வதந்தி உயிரைப் பறிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் முடக்கம் பொய்யோடு சேர்த்து, அதை மறுக்கும் உண்மையையும் நிறுத்திவிடுகிறது. மணிப்பூரில் 2023 மே 3 அன்று கைப்பேசி இணையம் நிறுத்தப்பட்டது. மே 4 அன்று இரண்டு பெண்கள் கும்பலால் நிர்வாணமாக்கப்பட்டு ஊர்வலமாக இழுத்துச் செல்லப்பட்டார்கள். அந்தக் காணொளி வெளியே வந்தது ஜூலை 19 அன்று. நாடு அதிர்ந்ததும், பிரதமர் முதன்முறையாக மணிப்பூர் வன்முறை பற்றிப் பொதுவெளியில் பேசியதும், உச்ச நீதிமன்றம் தலையிட்டதும் அதற்குப் பின்னர்தான். இரண்டரை மாதம் அந்தக் கொடுமை நாட்டின் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்ததில் இணைய முடக்கத்துக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

காஷ்மீரில் 2019 ஆகஸ்ட் தொடக்கத்தில் இணையம் முழுவதும் நிறுத்தப்பட்டது; அதிவேக இணையம் 2021 பிப்ரவரி 5 அன்றுதான் முழுமையாகத் திரும்பியது. ஸ்ரீநகரில் அரசு அமைத்த ஊடக மையத்தின் ஒருசில கணினிகளின் முன் செய்தியாளர்கள் வரிசையில் நின்று செய்தி அனுப்பினார்கள். நடுவில் குறைந்த வேக இணைப்பு கிடைத்தபோதும், சுமார் 300 தளங்கள் அடங்கிய அனுமதிப் பட்டியல் ஒன்றே திறந்தது. அதில் சமூக ஊடகங்கள் இல்லை. எதைத் தடுப்பது என்று பட்டியலிடும் வழக்கமே தலைகீழாகி, எதைப் பார்க்கலாம் என்று அரசு பட்டியலிட்ட நிலை அது. காஷ்மீர் டைம்ஸ் இதழின் ஆசிரியர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில், 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் முக்கியமான சிலவற்றைச் சொன்னது. இணையத்தின் வழியே கருத்துச் சொல்வதும் அரசமைப்பின் 19-ஆவது பிரிவின் பாதுகாப்புக்கு உட்பட்டது; காலவரையற்ற முடக்கம் கூடாது; முடக்க உத்தரவுகள் வெளியிடப்பட வேண்டும். தளத்தடுப்புக்கு இல்லாத வெளிப்படைத்தன்மை முடக்கத்துக்குச் சட்டப்படி உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த உத்தரவுகள் ஒழுங்காக வெளியிடப்படுவதில்லை என்பது தனி வேதனை.

இலங்கையின் அனுபவம் இடைப்பட்டது. அங்கே முழு இணையத்தையும் நிறுத்தாமல் குறிப்பிட்ட சமூக ஊடகங்களை மட்டும் தடுக்கும் வழி பலமுறை கையாளப்பட்டது. அதற்கு முன்பே, 2007 ஜூனில், இலங்கைத் தமிழர் பற்றிய செய்திகளைத் தரும் தமிழ்நெட் தளம் தடுக்கப்பட்டது. 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019 இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னும் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன. 2022 ஏப்ரல் 3 அன்று, கோட்டாபய ராஜபக்சவுக்கு எதிரான போராட்டம் எழுந்த வேளையில், பாதுகாப்பு அமைச்சின் கோரிக்கையின் பேரில் மீண்டும் தடுத்தார்கள். விபிஎன் வழியே மக்கள் தொடர்ந்து எழுதினார்கள். ஒரு நாள் முடிவதற்குள் தடை விலக்கப்பட்டது. விபிஎன் என்பது, உங்கள் தகவலைப் பூட்டி வேறிடத்துக் கணினி ஒன்றின் வழியாக அனுப்பும் மென்பொருள். சேவை நிறுவனத்துக்கு அந்தக் கணினி மட்டும் தெரியும், நீங்கள் போகும் தளம் தெரியாது. இணைப்பே இல்லாத முழு முடக்கத்தில் இது பயன்படாது.

எழுதப்படாமல் போகும் பேச்சு

இதுவரை சொன்னவை எழுதப்பட்ட பேச்சுக்கு நேர்ந்தவை. தணிக்கையின் பெரிய விளைவு எழுதும் முன்னரே நடந்துவிடுகிறது. தண்டனை வருமோ என்ற அச்சத்தால், சட்டப்படி சொல்ல உரிமையுள்ளதையும் ஒருவர் சொல்லாமல் விடுவது தன்தணிக்கை. இது எந்தக் கணக்கிலும் வராது. எழுதப்படாத பதிவை யாரும் எண்ண முடியாது.

தன்தணிக்கையை வளர்ப்பவை தெளிவற்ற சட்டச் சொற்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு, எரிச்சலோ சிரமமோ தரும் செய்தியை அனுப்புவதையும் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியது. அன்றைய மத்திய நிதியமைச்சரின் மகன் பற்றி டிவிட்டரில் எழுதியதற்காக 2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒருவர் கைதானார். அடுத்த மாதமே, பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை முடங்கியதைக் கேள்வி கேட்ட ஃபேஸ்புக் பதிவுக்காகப் பால்கரில் இரண்டு இளம்பெண்கள் கைதானார்கள். அவர்களில் ஒருவர் செய்தது அந்தப் பதிவுக்கு விருப்பம் தெரிவித்தது மட்டுமே. எது யாருக்கு எரிச்சல் தரும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது என்பதால், பயந்தவர் எல்லைக் கோட்டிலிருந்து வெகுதூரம் விலகியே நிற்பார். இதைக் காட்டித்தான் 2015 இல் உச்ச நீதிமன்றம் 66-ஏ பிரிவை முழுவதுமாக ரத்து செய்தது. அதன் பிறகும் பல மாநிலங்களில் போலீசார் அந்தப் பிரிவின் கீழ் வழக்குப் பதிந்துகொண்டே இருந்தார்கள். இனி யார் மீதும் அதன் கீழ் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. ஏழாண்டுக்கு முன் செத்துப்போன சட்டம் ஒன்றால்கூட ஒருவரை வாய்மூட வைக்க முடியும் என்றால், உயிரோடு இருக்கும் சட்டங்களின் முன் ஒரு கிராமத்து இளைஞர் தன் ஊர்ப் பிரச்சினையை எழுதத் தயங்குவதைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

இரகசியத்துக்கும் இதில் பங்குண்டு. எது தடுக்கப்பட்டது, ஏன் தடுக்கப்பட்டது என்று வெளிப்படையாகத் தெரிந்தால், எல்லை எங்கே என்பதையாவது எழுதுபவர் அறிந்துகொள்வார். அதை எதிர்த்து வாதிடவும் முடியும். எதுவும் தெரியாதபோது எல்லாமே ஆபத்தானதாகத் தோன்றுகிறது.

திறக்காத பக்கத்தின் முன் செய்ய வேண்டியவை

ஒரு தளம் திறக்காதபோது முதலில் வேறொரு சேவை நிறுவனத்தின் இணைப்பில் முயன்று பார்க்க வேண்டும். அங்கே திறந்தால் தளத்தில் கோளாறு இல்லை. தடை நடுவில் இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். எல்லா நிறுவனங்களிலும் மூடியிருந்து, வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்குத் திறந்தால் அரசு உத்தரவாக இருக்கும் வாய்ப்பு அதிகம். எங்குமே திறக்காவிட்டால் பெரும்பாலும் தளத்தின் கோளாறுதான். சமூக ஊடகப் பதிவு என்றால் நிறுவனம் காட்டும் வாசகத்தைக் கவனிக்க வேண்டும். “சட்டபூர்வக் கோரிக்கை” என்றிருந்தால் அரசோ நீதிமன்றமோ கேட்டிருக்கிறது. “எங்கள் விதிகளுக்கு முரணானது” என்றிருந்தால் நீக்கியதற்கு நிறுவனம் தன் விதியைக் காரணம் காட்டுகிறது என்று பொருள்.

சந்தேகத்தோடு நிற்காமல் அளந்து பதிவு செய்யவும் வழி உண்டு. ஊனி என்ற தன்னார்வத் திட்டத்தின் இலவசச் செயலியைக் கைப்பேசியில் நிறுவினால், ஒரு தளம் டிஎன்எஸ் மட்டத்தில் தடுக்கப்பட்டிருக்கிறதா, இணைப்பு நடுவில் அறுக்கப்படுகிறதா என்று அது சோதித்து, தேதியோடும் சேவை நிறுவனத்தின் பெயரோடும் பொதுவெளியில் பதிவேற்றும். சில நாடுகளில் அந்தச் சோதனையை நடத்துவதே சிக்கலாகலாம் என்று அதை நடத்துபவர்களே எச்சரிக்கிறார்கள்; நிறுவும் முன் அந்த எச்சரிக்கையைப் படித்துவிட வேண்டும். தளம் நடத்துபவராக இருந்தால், எந்தத் தேதியில் எந்தெந்த இணைப்பில் திறக்கவில்லை என்று வாசகர்கள் அனுப்பும் திரைப்பிடிப்புகளைச் சேர்த்து வைத்து, உத்தரவின் நகலைக் கேட்டு அமைச்சகத்துக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நகல் மறுக்கப்பட்டால், மறுத்த கடிதத்தையும் சேர்த்தே உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம்.